ஆழ்கடல் சுறாவும் அலையாத்தி மரமும்: பொண்ணோட ப்ராஜெக்ட் பத்தி ஒரு அம்மாவோட கேள்வி

கேள்வி: வணக்கம் சார். நாங்க திருத்துறைப்பூண்டி பக்கம். பொண்ணு பதினொன்னாவது, பயாலஜி குரூப். ஸ்கூல் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு விலங்கையும் ஒரு பூக்கிற தாவரத்தையும் ஒப்பிட்டு ப்ராஜெக்ட் பண்ணச் சொல்லிருக்காங்க. மத்த பிள்ளைங்க தேனீ-சூரியகாந்தி, மாடு-அகத்தின்னு எடுத்துருக்க, இவ மட்டும் ஆழ்கடல் சுறாவையும் முத்துப்பேட்டை அலையாத்தி மரத்தையும் (மாங்ரோவ்னு சொல்வாங்கல்ல, அது) எடுத்து வச்சிருக்கா. பன்னெண்டு வரில ஒரு டேபிள் போட்டுருக்கா, அதை இதோட அனுப்பிருக்கேன். எங்க அண்ணன் பார்த்துட்டு "மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுறியா"ன்னு கேட்டதுல புள்ள முகம் வாடிப்போச்சு. நீட் வேற எழுதணும்னு இருக்கா. இந்த தலைப்பு சரிதானா, இல்ல மாத்தச் சொல்லட்டுமா? இதுல நேரம் போறது வீணா?

பதில்: அம்மா, வணக்கம். தலைப்பை மாத்த வேண்டாம், அருமையான தலைப்பு. ஆனா அந்த பன்னெண்டு வரி டேபிளை எடுத்துடச் சொல்லுங்க. "ரெண்டுக்கும் செல் இருக்கு, ரெண்டும் சுவாசிக்குது, ரெண்டும் வளருது"ன்னு எழுதிருக்கா, இது சுறாவுக்கும் அலையாத்திக்கும் மட்டும் இல்ல, உங்க வீட்டு முருங்கைக்கும் கோழிக்கும் கூட பொருந்தும், அதனால அது ஒப்பீடே ஆகாது. உயிரியல்ல ஒப்பிடறதுன்னா ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கற ஒரு கஷ்டத்தை எடுத்துக்கணும், அதை இவரு எப்படி சமாளிச்சாரு அவரு எப்படி சமாளிச்சாருன்னு பாக்கணும். இங்க அந்த கஷ்டம் உப்பு. பாப்பாவோட டேபிள்ல ஒன்பதாவது வரில "ரெண்டும் உப்புத் தண்ணில வாழுது"ன்னு ஒரே ஒரு வரி போட்டுட்டு தாண்டிப் போயிட்டா பாருங்க, அந்த ஒரு வரிதான் ப்ராஜெக்டே.

உங்க அண்ணனுக்கு ஒரு ஆளைப் பத்தி சொல்லுங்க. பெர் ஷோலாண்டர்னு ஒரு விஞ்ஞானி, நார்வேல படிச்சவர், பின்னாடி அமெரிக்காவுல ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துல இருந்தார். திமிங்கிலமும் சீலும் எப்படி மூச்சடக்கி முங்குதுன்னு 1940-ல எழுதினவர், ஆழத்து மீனோட காத்துப்பை எப்படி நிரம்புதுன்னு ஆராய்ச்சி பண்ணவர், அதே மனுஷன்தான் 1960-கள்ல அலையாத்தி மரங்கள் கடல் தண்ணில இருந்து எப்படி நல்ல தண்ணி எடுக்குதுன்னு கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் 1982-ல சயின்ஸ் இதழ்ல யான்சி, சொமெரோன்னு சில விஞ்ஞானிங்க சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க, பாக்டீரியா, செடி, சுறா எல்லாத்தையும் ஒரே வரிசைல வச்சு, தண்ணித் தட்டுப்பாட்டை செல்லுக்குள்ள எந்தெந்த வேதிப்பொருளை வச்சு சமாளிக்கிதுங்கன்னு ஒப்பிட்டுருப்பாங்க. பாப்பா கேக்கற கேள்வி பெரிய ஆளுங்க கேட்ட கேள்விதான், தைரியமா பண்ணட்டும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. உப்பு அதிகமா இருக்கற பக்கம் தண்ணி ஓடும்னு சவ்வூடு பரவல் பாடத்துல படிச்சிருப்பா. நாம சாப்பிடற வஞ்சிரம், வாவல் மாதிரி எலும்பு மீனுங்களுக்கு உடம்புத் தண்ணி வெளில போய்க்கிட்டே இருக்கும், அதை ஈடுகட்ட அதுங்க கடல் தண்ணியக் குடிச்சு உப்பை செவுள் வழியா தள்ளும். சுறா அந்த வழில போகவே இல்ல. தன் ரத்தத்தையே கடல் அளவுக்கு அடர்த்தியாக்கிக்கிச்சு, அதுவும் உப்பை மட்டும் வச்சு இல்ல, யூரியாவைச் சேத்து வச்சு. நீங்க வயலுக்கு மூட்டை மூட்டையா போடற அதே யூரியாதாங்க, மூலக்கூறு ஒன்னேதான். வீட்டுல சுகர் உள்ள பெரியவங்க இருந்தா ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து பாருங்க, யூரியான்னு ஒரு வரி இருக்கும், டெசிலிட்டருக்கு 15-லேர்ந்து 40 மில்லிகிராம் வரைக்கும் நார்மல்னு போட்டுருக்கும், நூறைத் தாண்டினா டாக்டர் கிட்னியப் பாக்கணும்னு சொல்லிடுவாரு. கடல் சுறாவோட ரத்தத்துல அது 2000-க்கும் மேல சாதாரணமா இருக்கும். நாம கழிவுன்னு வெளியேத்தறதை அது வேணும்னே சேத்து வச்சிக்குது, அதனால அதோட உடம்புலேர்ந்து தண்ணி வெளில ஓடாது, கொஞ்சம் உள்ளதான் வரும்.

இதுக்கு சாட்சி உங்க சமையல்கட்டுலயே இருக்கு. புள்ள பெத்தவங்களுக்கு பால் சுறா புட்டு பண்ணிக் கொடுப்போம்ல, அந்த சுறா கொஞ்சம் பழசாயிட்டா மத்த மீன் மாதிரி வெறும் கவுச்சி அடிக்காது, மூக்குல ஏறுற மாதிரி நெடி வரும், கண்ணு எரியும். பாக்டீரியா அந்த யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கிடுது, அதான் அந்த நெடி. பாப்பாவை ரெண்டு துண்டு சுறாவும் ரெண்டு துண்டு வேற மீனும் வாங்கி தனித்தனி டப்பால மூடி வச்சு, சிவப்பு லிட்மஸ் தாளை தண்ணில நனைச்சு மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைக்கச் சொல்லுங்க. எதுல முதல்ல நீலமாகுது, எவ்வளவு நேரத்துல ஆகுதுன்னு குறிக்கச் சொல்லுங்க. மத்த மீன் கெட்டாலும் கடைசில கொஞ்சம் நீலம் வரும், அதனால நேரத்தை ஒப்பிடறதுதான் முக்கியம், நீலமாச்சு ஆகலன்னு மட்டும் எழுதக்கூடாது.

யூரியால ஒரு ஆபத்து இருக்கு. அது புரதத்தோட மடிப்பைக் கலைச்சு விட்டுடும், ஆய்வகத்துல புரதத்தைக் கெடுக்கறதுக்குன்னே யூரியா ஊத்துவாங்க. அப்ப இவ்வளவு யூரியாவை வச்சிக்கிட்டு சுறா எப்படி உயிரோட இருக்கு? கூடவே ட்ரைமீத்தைல் அமீன் ஆக்சைடுன்னு இன்னொன்னையும் வச்சிருக்கு, சுருக்கமா டிஎம்ஏஓ. யூரியா கலைக்கறதை இது கட்டி நிறுத்துது. கரையோர சுறாக்கள்ல சுமாரா ரெண்டு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு இது.

பாப்பா சும்மா சுறான்னு எடுக்காம ஆழ்கடல் சுறான்னு எடுத்ததுக்கு அர்த்தம் வர்ற இடம் இதுதான். கடல்ல ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கறதுக்கும் ஒரு அட்மாஸ்பியர் (தரைல நம்ம மேல இருக்கற காத்தழுத்தம் அளவு) அழுத்தம் கூடும், ஆயிரம் மீட்டர்ல நூறு அட்மாஸ்பியர். அந்த அழுத்தமும் புரதத்தைக் கலைக்கும், அதையும் டிஎம்ஏஓதான் கட்டி நிறுத்தணும். ஆனா யூரியாவும் டிஎம்ஏஓவும் சேர்ந்த மொத்தம் கடல் அளவுக்குத்தான் நிக்கணும், அதனால ஒன்னு ஏறினா இன்னொன்னு இறங்கணும். 2011-ல வந்த ஒரு ஆய்வுல ஆழம் கூடக் கூட சுறா வகைகளோட தசைல யூரியா குறைஞ்சுகிட்டே போகுது, டிஎம்ஏஓ ஏறிக்கிட்டே போகுதுன்னு காட்டினாங்க. ஒரு கட்டத்துக்கு மேல குறைக்கறதுக்கு யூரியாவே மிச்சம் இருக்காதுல்ல, சுறாக்கள் 3000 மீட்டருக்குக் கீழ அநேகமா இல்லாமப் போறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்னு ஒரு தரப்பு சொல்லுது. இன்னொரு தரப்பு, 2006-ல எழுதினவங்க, அவ்வளவு ஆழத்துல சாப்பாடு கம்மி, எண்ணெய் நிறைஞ்ச அந்த பெரிய ஈரலைப் பராமரிக்க கட்டுப்படி ஆகாதுன்னு சொன்னாங்க. ரெண்டையும் பாப்பா எழுதட்டும், விவாதம் இன்னும் நடக்குதுன்னு எழுதினா நடுவருங்க மதிப்பாங்க.

கடல்லேர்ந்து உடம்புக்குள்ள வந்து சேர்ற மிச்ச உப்பு இருக்குல்ல, அதுக்கு சுறாவோட குடல் முடியற இடத்துல விரல் மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அது ரத்தத்துல இருக்கறதை விட ரெண்டு மடங்கு உப்பான நீரை சுரந்து வெளில விட்டுடும். 1960-ல தான் அதோட வேலை என்னன்னே தெரிஞ்சுது.

இப்ப அலையாத்திக்கு வாங்க. முத்துப்பேட்டைல பாமனியாறு, கோரையாறுன்னு காவிரியோட கடைசி வாய்க்கால்ங்க எல்லாம் போய் சேர்ற காயல்ல நிக்கறது பெரும்பாலும் அவிசீனியா மரீனா, வெண்கண்டல்னு சொல்றது. மேட்டூர்ல தண்ணி வந்து மழையும் பெஞ்சா அங்க உப்பு குறையும், சித்திரை வைகாசில ஆறு வறண்டு கிடக்கும்போது உப்பு ஏறிடும், ரெண்டையும் அது தாங்கணும். சுறா மாதிரி ஓடிப்போக அதுக்கு வழி கிடையாது. வேர்லயே பத்துல ஒன்பது பங்கு உப்பை வடிகட்டி வெளிலயே நிறுத்திடுது. உள்ள போற சாறுல இருக்கறது கடல் உப்புல பத்துல ஒரு பங்குதான் வரும், அதையும் இலைல இருக்கற உப்புச் சுரப்பி வழியா வெளில தள்ளிடும். மழை இல்லாத நாள்ல மத்தியானம் போய் ஒரு இலையோட மேல்பக்கத்தை லென்ஸ் வச்சு பாத்தீங்கன்னா சின்னச் சின்னதா கட்டம் கட்டமா உப்புப் படிகம் வெயில்ல மின்னும், விரலால தடவினா மணலு மாதிரி நெருநெருங்கும், நாக்குல வச்சா சுத்தமான உப்பு. அதே இலைய காலைல பனி ஈரத்தோட பாத்தா படிகம் இருக்காது, உப்புத் தண்ணியா முத்து முத்தா நிக்கும். சுறாவோட அந்த விரல் சுரப்பி ஒரு பக்கம், இந்த இலைச் சுரப்பி இன்னொரு பக்கம், ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டாலே சார்ட்டுல பாதி வேலை முடிஞ்சுது.

வடிகட்டறதுன்னு சொன்னேன்ல, அதுக்கு எவ்வளவு விசை வேணும்னு யாரும் யோசிக்கறதில்ல. கடல் தண்ணிலேர்ந்து நல்ல தண்ணியப் பிரிக்கணும்னா 25 அட்மாஸ்பியருக்கு மேல இழுக்கணும். ஷோலாண்டர் என்ன பண்ணாருன்னா, கிளைய வெட்டி இலைப்பக்கத்தை ஒரு இரும்பு அறைக்குள்ள வச்சு மூடி, வெட்டின முனைய மட்டும் வெளில நீட்டி விட்டு, உள்ள வாயு அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏத்தினாரு. எந்த அழுத்தத்துல வெட்டின முனைல சாறு எட்டிப் பாக்குதோ அந்த அளவு விசைல மரம் தண்ணிய இழுத்துகிட்டு இருந்துச்சுன்னு கணக்கு. அலையாத்தி வகைகள்ல அது 30-லேர்ந்து 60 அட்மாஸ்பியர் வரைக்கும் வந்துச்சு. ஆழ்கடல் சுறாவை நூறு அட்மாஸ்பியர் வெளிலேர்ந்து அமுக்குது, அலையாத்தி மரத்துக்குள்ள தண்ணி 30, 60 அட்மாஸ்பியர்ல இழுபட்டுக்கிட்டு நிக்குது. இந்த ஒரு வாக்கியத்தை பாப்பா மைக்ல சொன்னா போதும்னு எனக்குத் தோணுது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அடுத்தது. அந்த மரத்தோட செல்லுக்குள்ளயும் உப்பைச் சமாளிக்க ஒரு பொருள் இருக்கு, கிளைசின் பீட்டைன். உப்பை ஒரு தனிப்பை மாதிரி இருக்கற வேக்யுவோல்ல அடைச்சு வச்சிட்டு, வேலை நடக்கற இடமான சைட்டோபிளாசத்துல இதை நிரப்பி வச்சிருக்கும், புரதமும் கெடாது, தண்ணியும் வெளில போகாது. இதோட வடிவத்தையும் டிஎம்ஏஓ வடிவத்தையும் வரைஞ்சு பாக்கச் சொல்லுங்க. ரெண்டுலயும் நடுவுல ஒரு நைட்ரஜன், அதைச் சுத்தி மூணு மீத்தைல் (CH3) தொகுதி. சுறாவோட வம்சம் 40 கோடி வருஷத்துக்கு முன்னாடியே கடல்ல இருந்துச்சு, பூக்கற செடிங்க வந்ததே சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான், ரெண்டுக்கும் நெருங்கின சொந்தம் எதுவும் கிடையாது, இருந்தும் உப்புக்கும் தண்ணித் தட்டுப்பாட்டுக்கும் ரெண்டும் ஒரே மாதிரி மருந்தைத்தான் கையில எடுத்திருக்கு. உங்க அண்ணன் சொன்ன முடிச்சு இங்கதாங்க இருக்கு.

ரெண்டாவது பகுதியா பிரசவத்தை வச்சிக்கலாம், ஆனா இதுல ஜாக்கிரதையா இருக்கணும். டேபிள்ல "ரெண்டும் குட்டி போடும்"னு எழுதிருக்கா, அப்படியே விட்டா அடி வாங்கிடுவா. ஆழ்கடல் சுறா எல்லாமே குட்டி போடாது, சில வகைங்க முட்டையும் இடும். அதனால ஒரு வகையப் பேர் சொல்லி எடுக்கட்டும், கல்பர் சுறான்னு சொல்ற சென்ட்ரோஃபோரஸ் சரியா இருக்கும், நம்ம இந்தியக் கடல்லயும் இருக்கு, ஈரல் எண்ணெய்க்காக கேரளப் பக்கம் பிடிச்சிருக்காங்க. அது ஒரு ஈத்துக்கு பெரும்பாலும் ஒன்னு ரெண்டு குட்டிதான், சுமக்கறது ரெண்டு வருஷம் வரைக்கும் போகும்னு கணிச்சிருக்காங்க. அலையாத்தில விதை மரத்துலயே முளைச்சிடும். பிச்சாவரத்து சுரபுன்னைல அது நல்லாத் தெரியும், காயைத் துளைச்சுகிட்டு பச்சையா முருங்கைக்காய் கணக்கா தொங்கும். முத்துப்பேட்டை வெண்கண்டல்ல கருவு முளைச்சிருக்கும், ஆனா காய்த்தோலுக்குள்ளயே அடங்கி இருக்கும், தண்ணில விழுந்த அப்புறம்தான் தோல் கழண்டு ரெண்டு தடிச்ச விதையிலையும் விரியும். காத்தும் இல்லாத உப்புச் சேத்துல வெறும் விதை முளைக்கறது கஷ்டம், முளைச்ச கன்னா விழுந்தா பிழைச்சுக்கும்.

வித்தியாசத்தையும் அதே அளவு எழுதணும். கல்பர் குட்டி பெரும்பாலும் முட்டைல இருக்கற மஞ்சள்கருவை நம்பித்தான் வளருது, அலையாத்திக் கன்னு தாய் மரத்துலேர்ந்தே உணவை இழுத்துக்கும். மரம் வருஷா வருஷம் ஏராளமா கன்னு விடும், சுறாவால முடியாது. 2018 நவம்பர் 16-ல கஜா புயல் அடிச்சு முத்துப்பேட்டைக் காடு எவ்வளவு அடிபட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும், சேத்துல விழுந்த கன்னுங்க இருந்தா அங்க மறுபடி எழும்ப ஒரு வழி இருக்கு. கல்பர் சுறாவை ஒரு இடத்துல அள்ளிட்டா அந்த எண்ணிக்கை திரும்ப பல பத்து வருஷம் ஆகும். இதைப் பாப்பா கண்டிப்பா சொல்லணும்னு நான் ஆசைப்படறேன், நம்ம பக்கம் இதைப் பத்தி பேசற ஆளு ரொம்பக் கம்மி.

ஒரு வரிய மட்டும் முழுசா அடிச்சிடச் சொல்லுங்க. "பூ வண்டை இழுக்கற மாதிரி ஆழ்கடல் சுறா வெளிச்சம் காட்டி மீனை இழுக்கும்"னு போட்டுருக்கா. படிக்க அழகாத்தான் இருக்கு, ஆனா லாந்தர் சுறா மாதிரி வகைங்க வயித்துல மினுக்கற வெளிச்சம் முக்கியமா ஒளிஞ்சுக்கறதுக்கு. மேலேர்ந்து மங்கலா வர்ற வெளிச்சத்துல கீழேர்ந்து பாக்கறவங்களுக்கு சுறா கருப்பா நிழலாத் தெரியும், வயித்து வெளிச்சம் அந்த நிழலை அழிச்சிடும். பூ தன்னைக் காட்டிக்கறதுக்கு, இது தன்னை மறைச்சுக்கறதுக்கு, நேர் எதிர்.

நீட் பத்தி கேட்டீங்க. வீண் இல்லம்மா. யூரியா வெளியேத்தற விலங்கு எது அம்மோனியா வெளியேத்தறது எது, சவ்வூடு பரவல், தாவரத்துல நீர் ஏற்றம், சுவாச வேர், மரத்துலயே விதை முளைக்கறது, இவ்வளவும் பாடத்துல தனித்தனியா கிடக்கறதை அவ ஒரே சார்ட்டுல கோக்கப் போறா, மனப்பாடம் பண்ணினதை விட இது தங்கும். ரெண்டு வாரம் சாயங்காலம் ஒரு மணி நேரம் கொடுத்தா தாராளம்.

நடுவர் கேக்கறதுக்கு வாய்ப்பு உள்ள கேள்வி, "ஆழ்கடல் சுறான்னு சொல்றியே, நீ டெஸ்ட் பண்ணினது மார்க்கெட் சுறாதானே". ஆமான்னு நேரா சொல்லட்டும். யூரியா இருக்குன்னு காட்ட மார்க்கெட் சுறா போதும், ஆழத்துல என்ன மாறுதுன்னு காட்ட 2011 ஆய்வோட விஷயத்தை ஒரு சின்ன வரைபடமா, ஒரு கோடு இறங்கறது ஒரு கோடு ஏறறதுன்னு, பக்கத்துல போட்டு வச்சிருக்கேன்னு சொல்லட்டும்.

இலை எடுக்க ஜாம்புவானோடை பக்கம் போறதா இருந்தா பெரியவங்க ஒருத்தர் கூடப் போங்க, காட்டுக்குள்ள போகணும்னா வனத்துறைல முதல்லயே அனுமதி கேட்டுக்கங்க, கிளை ஒடிக்க வேண்டாம், கீழ உதிர்ந்து கிடக்கற இலையும் கன்னும் ஆளுக்கு நாலு போதும். அங்க தில்லை மரமும் நிக்கும், சிதம்பரத்துத் தில்லையேதான், அதோட பால் கண்ணுல பட்டா ரொம்ப மோசம், தெரியாத மரத்துல கைய வைக்க வேண்டாம்னு பாப்பாகிட்ட சொல்லி வைங்க. ஐப்பசி மழை பிடிச்சிட்டா இலை உப்பு கழுவிப் போயிடும், அதுக்கு முன்னாடி ஒரு நல்ல வெயில் நாளாப் பாத்து போயிட்டு வந்துடுங்க. லிட்மஸ் வேலைய வீட்டுக்குள்ள வச்சுக்காதீங்க, கொல்லைல பூனை எட்டாத இடமாப் பாத்து வைக்கச் சொல்லுங்க.